விருது வாங்கிய லிஃப்ட்

அந்த அரசு மருத்துவமனையின் லிஃப்ட் நின்றுபோய் எட்டு மாதம் ஆன பிறகு, மாநிலத்திலேயே மிகச் சிறந்த லிஃப்ட் என்று அதற்கு ஒரு விருது கொடுத்தார்கள். யாரோ கதை விடுகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அங்கே வேலை பார்த்தவர்கள் யாரும் அப்படி நினைக்கவில்லை. ஆச்சரியப்படுகிற பழக்கமே அவர்களுக்கு விட்டுப்போய்ப் பல வருடம் ஆகியிருந்தது.

நடந்தது இதுதான். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. கடந்த ஆறு மாதத்தில் லிஃப்ட் எத்தனை முறை பழுதானது என்று முதல் கட்டத்தில் கேட்டிருந்தார்கள். அதை நிரப்ப வேண்டிய எழுத்தர் நேர்மையான மனிதர், பொய் எழுத அவருக்குக் கை வராது. உட்கார்ந்து யோசித்தார். லிஃப்ட் பழுதானது எட்டு மாதத்துக்கு முன்னால், அது கணக்கில் வராது. அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் பழுதாகவில்லை, நிற்கிற பொருள் மறுபடி எப்படிப் பழுதாகும்? பூஜ்யம் என்று எழுதினார். உள்ளே சிக்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர்? பூஜ்யம். விபத்துகள்? பூஜ்யம். பயணிகள் கொடுத்த புகார்கள்? பயணிகளே இல்லையே, பூஜ்யம். லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்க ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. இல்லாத கட்டத்தை அந்த மனிதர் எப்படி நிரப்புவார்?

நாற்பத்தொரு மருத்துவமனைகளில் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் வாங்கியது இது ஒன்றுதான்.

செய்தி வந்த அன்று லிஃப்ட்காரர் வழக்கம்போலத் தரைத்தளத்தில், மூடிய லிஃப்ட் கதவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக அதே லிஃப்ட். ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை அவர் அங்கே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வருகைப் பதிவில் சிவப்பு மை விழும். தினமும் எட்டு மணிக்குப் பதிவேட்டைத் திறந்து ‘லிஃப்ட் இயங்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அலுவலக மேலாளர் அதன் ஓரத்தில் ஒரு சுழி சுழித்துத் திருப்பி அனுப்புவார். லிஃப்ட் மருத்துவமனையின் சொத்து என்று பொதுப்பணித்துறை சொன்னது. மோட்டார் மின்பிரிவைச் சேர்ந்தது என்று மருத்துவமனை சொன்னது. கோளாறு மோட்டாரில் இல்லை, கம்பியில்தான் இருக்கிறது, கம்பி பொதுப்பணித்துறையைச் சேர்ந்தது என்று மின்பிரிவு சொன்னது. மூன்று பேர் சொன்னதும் அட்சரம் பிசகாத உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அவசர சிகிச்சைப் பிரிவு தரைத்தளத்தில் இருந்தது, தீவிர சிகிச்சைப் பிரிவு மூன்றாம் மாடியில். இடையில் அறுபத்தாறு படிகள். சாய்தளம் ஒன்று வரைபடத்தில் இருந்தது, கட்டடத்தில் இல்லை. ஆகவே லிஃப்ட்காரர் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. ஸ்ட்ரெச்சர் வரும்போதெல்லாம் எழுந்து போய்க் கீழ்ப்பக்கம் பிடித்தார். படியேறும்போது பாரம் முழுவதும் கீழே பிடிக்கிறவர் மேல்தான் இறங்கும் என்று தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள், அதனால் அந்தப் பக்கம் எப்போதும் அவருக்குத்தான். தலைமை நர்ஸ் அவருக்கு ‘ஏறுமுகம்’ என்று பேர் வைத்தாள். நடக்காத லிஃப்டுக்கு நடக்கிற லிஃப்ட் இருக்கிறதே என்று மற்றவர்கள் சிரித்தார்கள். இடுப்பு வலி வந்த பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

விருது விஷயம் தெரிந்ததும் அவர் நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனார். அந்தக் கண்காணிப்பாளர் நல்ல டாக்டராக இருந்தவர், நாற்காலி கிடைத்த பிறகு நல்ல நாற்காலியாக ஆகிவிட்டவர்.

“சார், லிஃப்டே ஓடலையே.”

“தெரியும்.”

“அப்புறம் எப்படி சார் விருது?”

“நான் போய்க் கேட்கட்டுமா? ஐயா, தப்பாக் குடுத்துட்டீங்க, எங்க லிஃப்ட் எட்டு மாசமா ஓடலைன்னு? அப்போ எட்டு மாசம் நீ என்னய்யா பண்ணிக்கிட்டு இருந்தேன்னு என்னையத்தான் கேப்பாங்க. நீ இஸ்திரி போட்ட சட்டையா ஒண்ணு எடுத்து வெச்சுக்க. மேடையில ஏறி வாங்கிட்டு வாயை மூடிக்கிட்டு இறங்கு. இந்த விருது வந்தா ரிப்பேருக்குத் தனியாக் கேக்க ஒரு வழி பிறக்கும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் லிஃப்ட்காரர் விழுந்தார். விருது வாங்கிய லிஃப்ட் ஓடாமல் நின்றால் அவர்களுக்கே அசிங்கம், வெட்கப்பட்டாவது சரிசெய்வார்கள் என்று நம்பினார். வெட்கப்படுவார்கள் என்று நம்பிய மனிதரை என்னவென்று சொல்வது!

மேடையில் சுகாதார அமைச்சர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒலிபெருக்கியை அவர் பக்கம் திருப்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “எப்படிப்பா இவ்வளவு நல்லாப் பாத்துக்கிற?” என்று கேட்டார்.

லிஃப்ட்காரருக்கு வாயில் வந்தது உண்மைதான். “அதைத் தொடுறதே இல்லைங்கய்யா.”

அரங்கமே சிரித்தது. அமைச்சர் அவர் முதுகில் தட்டி, இப்படித் தன்னடக்கம் உள்ள ஊழியர்கள்தான் இந்தத் துறையின் தூண்கள் என்றார். இன்னும் ஒரு வாக்கியம் பேச லிஃப்ட்காரருக்கு நேரம் இருந்தது. ஒலிபெருக்கி முகத்துக்கு நேராகத்தான் இருந்தது. கண்காணிப்பாளர் கீழே முதல் வரிசையில் இருந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்.

சான்றிதழையும் அவர் படத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஓடாத லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினார்கள். மாட்டுவதற்கு ஆணியடிக்கப் பொதுப்பணித்துறை ஆள் அன்றைக்கே வந்துவிட்டார்.

ஐந்து வாரம் கழித்து, காலை பத்தரை மணிக்கு, பூட்டு ரிப்பேர் செய்கிற ஒருவரை நெஞ்சுவலியோடு கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தது அவர் மகள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண், அந்த வேனிலேயே அப்பாவைப் படுக்கவைத்து வந்திருந்தாள். உடனே மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். ஸ்ட்ரெச்சர் தூக்குகிற வேலைக்கு மூன்று பணியிடம். இரண்டு காலி, மூன்றாமவர் விடுப்பு. வேன்காரப் பெண் எதையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தலைப்பக்கக் கைப்பிடியைப் பின்கையாகப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினாள். லிஃப்ட்காரர் கீழ்ப்பக்கம் பிடித்தார். தலைமை நர்ஸ் ஆக்சிஜன் சிலிண்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் ஏறினாள்.

அந்த மனிதரின் முகம் லிஃப்ட்காரருக்கு நேர் எதிரே இருந்தது. முதல் மாடி வரைக்கும் அவர் ஏதோ சொல்ல முயன்றார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சரைச் சாய்க்காமல் திருப்ப முடியவில்லை, ஒருமுறை இறக்கிவைத்து, பிடியை மாற்றி, மறுபடி தூக்கினார்கள். தூக்கியபோது அவர் கண் லிஃப்ட்காரரைப் பார்த்தபடி நின்றுவிட்டது. மகளுக்கு அது தெரியாது, அவள் முதுகைக் காட்டியபடி மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தாள். இன்னும் இருபத்திரண்டு படிகள் இருந்தன. நடுப்படியில் நின்று அவளிடம் சொல்ல லிஃப்ட்காரருக்கு மனம் வரவில்லை. அவரும் தூக்கிக்கொண்டே ஏறினார்.

அடுத்த நான்கு நாளில் லிஃப்ட் ஓடியது. ஒன்பது மாதம் யாருடையது என்றே தெரியாமல் கிடந்த கம்பியை மூன்று துறையும் சேர்ந்து மாற்றிவிட்டன. புது எண்ணெய் வாசனையோடு மேலும் கீழும் போய்வந்த அந்தப் பெட்டியைப் பார்க்க லிஃப்ட்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்ய முடியாத வேலையென்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். நாலு நாள் வேலை அது.

சட்டசபையில் எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து, லிஃப்ட் ஓடாததால் ஓர் உயிர் போனது உண்மையா என்று கேட்டார். அமைச்சர் விருதுப் பட்டியலைத் தூக்கிக் காட்டினார். மாநிலத்திலேயே பழுதில்லாத லிஃப்ட் என்று தன் கையால் பரிசு கொடுத்த லிஃப்ட் எப்படி ஓடாமல் இருந்திருக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த லிஃப்டைத் தரமில்லாமல் வாங்கியதே உங்கள் ஆட்சி என்றார் இவர், கவனிக்காமல் விட்டது உங்கள் ஆட்சி என்றார் அவர். ஒரு மணிநேரம் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பிறகு வெளிநடப்புச் செய்தவர்களும் உள்ளே இருந்தவர்களும் ஒரே உணவகத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். செத்தவர் என்ன தொழில் செய்தார் என்றுகூட யாரும் கேட்கவில்லை. முடிவில் அமைச்சர் ஒரு விசாரணைக் குழுவை அறிவித்தார். கைதட்டல் கொஞ்சம் நீளவே உற்சாகமாகி, இறந்தவரின் குடும்பம் திருப்தி என்று கையெழுத்துப் போட்டால்தான் இந்தக் கோப்பை மூடுவேன் என்றும் சொல்லிவிட்டார்.

லிஃப்ட் ஓடியது என்று முடிவாகிவிட்டது. அப்படியானால் நோயாளி ஏன் படியில் போனார்? லிஃப்டை இயக்க வேண்டியவர் இடத்தில் இல்லை, அதனால்தான். இப்படி ஒவ்வொரு படியாக இறங்கி வந்து பழியை லிஃப்ட்காரர் தலையில் கட்டினார்கள். அன்றே தற்காலிகப் பணிநீக்கம். அவருடைய பதிவேட்டை மேலாளர் ‘பத்திரமாக வைக்க’ வாங்கிக்கொண்டு போனார், அது எவ்வளவு பத்திரமாக இருந்ததென்றால் மறுபடி யார் கண்ணிலும் படவில்லை.

மேலாளர் வீட்டுக்கே வந்து விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னார். “டீ குடிக்கப் போயிருந்தேன், இருபது நிமிஷம் லேட்டாயிடுச்சுன்னு எழுதிக் குடுத்துடு. ரெண்டு மாசத்துல உள்ள எடுத்துக்கிறதாக் கண்காணிப்பாளர் வாக்குக் குடுத்திருக்காரு. வேற எது சொன்னாலும் வேலை போயிடும். பென்ஷனும் கிடையாது.”

அவர் போனபின் லிஃப்ட்காரர் மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக் கொடுக்கிறவள். வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டுப் பேசினாள்.

“வயித்துப் புண்ணுன்னு டீயத் தொட்டே ஆறு வருஷம் ஆச்சு. பொய் சொல்றதுன்னாலும் ஆளப் பாத்துச் சொல்லக் கூடாதா?”

“நான் என்ன பண்ணட்டும்?”

“பெரியவளுக்கு இது கடைசி வருஷம். சின்னவனுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. நான் தைக்கிறதுல வீட்டு வாடகைக்கே இழுபறி.” பாதி தைத்த துணியை மறுபடி மெஷினில் நுழைத்தாள். “புள்ளைங்க படிப்பு முடியிற வரைக்கும் நீங்க டீ குடிச்சதாவே இருக்கட்டும்.”

அவர் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் எழுதிக் கொடுக்கத் தீர்மானித்துவிட்டார்.

விசாரணை தரைத்தளக் கூட்ட அறையில் நடந்தது. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. அவருக்கு இடது பக்கம் ஒரு டாக்டர், ஆரம்பத்திலிருந்தே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் பொதுப்பணித்துறைப் பொறியாளர், கம்பி எங்களுடையதல்ல என்று ஏழு தடவை திருப்பி எழுதிய அதே மனிதர். அவரே அவர் துறையை விசாரிக்கிறார் என்பது யாருக்கும் உறுத்தவில்லை. ஓரத்தில் ஒரு சுருக்கெழுத்தர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் லிஃப்ட்காரர், இரண்டு நாற்காலி தள்ளி வேன்காரப் பெண். குடும்பம் கையெழுத்துப் போட வேண்டுமே, அதற்காக அவளை அழைத்திருந்தார்கள்.

தலைவர் வாக்குமூலத்தை வாசித்தார். பத்து மணி இருபது நிமிடத்திலிருந்து தேநீர் அருந்தச் சென்றிருந்தேன் என்கிற இடம் வந்ததும் வேன்காரப் பெண் நிமிர்ந்தாள்.

“யாரு சார் டீ குடிக்கப் போனது?”

“இவர்தான்மா. லிஃப்ட் ஆபரேட்டர்.”

“இவரா? அப்ப எங்கப்பாவ என்கூடத் தூக்கிக்கிட்டு வந்தது யாரு?”

தலைவர் குரலை இளக்கிக்கொண்டார். “துக்கத்துல இருந்தவங்களுக்கு ஆள் அடையாளம் சரியா நிக்காதும்மா. அது சகஜம்.”

“அந்த நர்ஸக்காவக் கூப்பிட்டுக் கேளுங்களேன்.”

“தலைமை நர்ஸ் இடமாற்றத்துல போயிட்டாங்க.”

“மேல வாங்க சார். ரெண்டாவது மாடித் திருப்பத்துல எங்க இறக்கி வெச்சோம்னு காட்டுறேன்.”

“இடத்தைப் பார்வையிடறது குழுவோட வரம்புல இல்லம்மா,” என்றார் பொறியாளர். “லிஃப்ட் நல்லா ஓடுது. நானே இன்னைக்கு அதுலதான் மேல போய்ப் பாத்துட்டு வந்தேன்.”

அவள் இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர்களை விட்டுவிட்டு லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, நீங்க சொல்லுங்க. அன்னைக்கு லிஃப்ட் ஓடுச்சா?”

லிஃப்ட்காரர் தலை குனிந்தபடி இருந்தார். வாக்குமூலம் மேஜைமேல் இருந்தது, ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. மனைவி சொன்னது காதில் இருந்தது. இந்தப் பெண்ணின் அப்பா முகமும் கண்ணுக்குள் இருந்தது.

“இல்லம்மா. ஒம்பது மாசமா ஓடல.”

டாக்டர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

“அப்புறம் அந்தச் சுவத்துல உங்க போட்டோ போட்டு மாட்டியிருக்கே? நல்லா ஓடுதுன்னு பரிசு வாங்கியிருக்கீங்களே? ஓடலைன்னா எதுக்கு வாங்கினீங்க?” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்கப்பா லிஃப்ட்ல போயிருப்பாருல்ல?”

மேலிடத்தில் யாரும் இதுவரை கேட்காத கேள்வி அது. கேட்க வேண்டியவர்களை விட்டுவிட்டு அது அவரிடம் வந்து நின்றது. ஆனாலும் கேட்டவளுக்கு உரிமை இருந்தது.

“ஆமாம்மா. சொல்லியிருக்கணும். வேலை போயிடும்னு பயந்துக்கிட்டுச் சொல்லல. என் தப்புதான் அது. நான் வாய மூடிக்கிட்டதும் தப்பு, இவங்க ஒம்பது மாசம் காயிதத்த மாத்தி மாத்தி விட்டதும் தப்பு, ஓடுதான்னு ஒரு வார்த்தை கேக்காம அமைச்சர் குடுத்ததும் தப்பு.”

“எழுதிக்குங்க,” என்றார் தலைவர் சுருக்கெழுத்தரிடம். “ஊழியர் தன் தவறை ஒப்புக்கொண்டார்.”

தட்டச்சு சத்தம் சிறிது நேரம் கேட்டது. பிறகு நின்றது.

“மிச்சத்தையும் எழுதச் சொல்லுங்க சார்,” என்றார் லிஃப்ட்காரர்.

“தேவையானது வந்தாச்சு.”

அடக் கடவுளே, என்ன ஜென்மங்கள் என்று அவருக்கு வந்தது. வாழ்க்கையில் ஒருமுறை வாய் திறந்து உண்மையைச் சொன்னார், அதில் அவர்களுக்கு வேண்டிய நாலு சொல்லை மட்டும் பிய்த்துக்கொண்டு மீதியைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். டீ குடித்தேன் என்ற பொய்க்குக்கூட இனி அவசியமில்லை. அந்த அறையில் தப்பு என்று சொன்னவர் அவர் ஒருவர்தான், ஆகவே தப்புச் செய்தவரும் அவர் ஒருவர்தான் என்று ஆகிவிட்டது.

தலைவர் இன்னொரு தாளை வேன்காரப் பெண் முன்னால் நகர்த்தி, தன் பேனாவையும் கொடுத்தார். விசாரணை முடிவு எங்களுக்குத் திருப்தி அளிக்கிறது என்று அதில் இருந்தது. “ஒரு கையெழுத்துப் போடும்மா. இதோட முடிஞ்சிடும்.”

“போடலைன்னா?”

“கோப்ப மூட முடியாது. அமைச்சர் சபையில சொன்ன வார்த்தை அது. பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும்.” சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே தோன்றியது. அவசரமாக லிஃப்ட்காரரைக் காட்டினார். “ஆனா கோப்பு மூடாம இவரை வேலையில எடுக்க முடியாதும்மா. நீ போட்டா ஏதோ ஒரு தண்டனையோட ரெண்டு மாசத்துல உள்ள வந்துடுவாரு. போடலைன்னா இப்படியே வெளியில நிக்க வேண்டியதுதான். ஒரு குடும்பத்தோட சோத்துல மண்ணப் போடுறமான்னு நீயே பாத்துக்க.”

இவ்வளவும் செய்துவிட்டு, கடைசியில் சோற்றில் மண் போடுகிற பழியும் அப்பாவைப் பறிகொடுத்தவளுக்குத்தான். வேன்காரப் பெண் பேனா மூடியைக் கழற்றினாள். தாளைப் பார்த்தாள். லிஃப்ட்காரரைப் பார்த்தாள்.

“அண்ணா, உங்க வீட்டுல எத்தனை பேரு?”

“நாலு பேரும்மா. ரெண்டு படிக்குது.”

அவள் பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனாள்.

“போடாதம்மா,” என்றார் லிஃப்ட்காரர்.

தலைவர் முன்னால் சாய்ந்தார். “இங்க பாரு. நல்லா யோசிச்சுத்தான் பேசுறியா?”

“யோசிச்சு யோசிச்சுத்தான் சார் அன்னைக்கு மேடையில வாய மூடிக்கிட்டு நின்னேன்.”

வேன்காரப் பெண் பேனாவை மூடித் தலைவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.